நான் சென்ட் பண்றேன், ஏறுங்க

ஆகஸ்ட் 3, ஞாயிறு

செங்காங்கில் ஒரு புதுமனைப் புகுவிழா. பதினோரு மணிக்கே சாப்பாடு முடிந்தது. நாங்கள் வீடு வந்து சேர்ந்தது மூன்றரைக்கு. நடுவில் என்ன நடந்தது? நம்ம ஆள் எல்லாரையும் சென்ட் பண்ணினார்.

சென்ட் என்றால் கழுத்தில் பூசுகிற சென்ட் இல்லை. இந்த ஊர் ஆங்கிலத்து சென்ட். காரில் ஏற்றிக்கொண்டு போய் வீட்டு வாசலில் விடுவது. என் வீட்டுக்காரர் கோவிந்தசாமிக்குத் தெரிந்த ஆங்கில வினைச்சொற்களில் மிக முக்கியமானது அது. விழாவில் செருப்பு மாட்டுகிறவர்களை எல்லாம் மறித்துக் கேட்பார்: "எப்படிப் போறீங்க? நான் சென்ட் பண்றேன், ஏறுங்க."

முதலில் பிடோக்கில் ஒரு மாமி. அங்கிருந்து தீவின் அடுத்த கோடிக்கு, ஜூரோங்கில் ஒரு இளம் தம்பதி. அந்தப் பெண் புருஷனின் காதில் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டே வந்தது. இறங்கும்போதுதான் எனக்குப் புரிந்தது, அவர்கள் போக நினைத்தது ஆர்ச்சர்டில் சினிமாவுக்கு. நம்ம ஆளின் அன்பில் சிக்கி ஜூரோங்கில் வெயிலில் நின்றார்கள், பாவம்.

ஆனாலும் ஒன்றை இங்கே எழுதத்தான் வேண்டும். வீட்டில் இவருக்கு வாயில் எப்போதும் கொழுக்கட்டைதான். "ம்", "சரி", "வச்சிடு". சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை பார்த்துப் போன வருஷம் ஓய்வு பெற்றார். வீட்டிலேயே இருந்தால் பேசுவார் என்று நினைத்தேன், பேச்சு இன்னும் குறைந்தது. காரில் ஏறினால் மட்டும் வேறு மனிதர். என் முகத்தைப் பார்க்க வேண்டாம், முன்னால் ரோடு இருக்கிறது, அந்தத் தைரியமோ என்னவோ. கல்யாணமான நாளிலிருந்து எங்கள் பேச்சு முக்கால்வாசி முன்சீட்டில்தான் நடந்திருக்கிறது.

இன்றைக்கு ஜூரோங்கிலிருந்து திரும்பும்போது ஒரு பந்தயக் குதிரையின் கதை. பெர்த்துக்கு அனுப்ப வேண்டிய குதிரை, விமானத்துக்குள் ஏற மாட்டேன் என்று அடம் பிடித்ததாம். "அப்புறம்?" என்றேன். அதற்குள் எங்கள் ஃபேரர் பார்க் அடுக்குமாடி புளோக்கின் கார் பார்க் வந்துவிட்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். அவ்வளவுதான், வாய்க்கும் பிரேக்.

ஆகஸ்ட் 6, புதன்

மழை. லிஃப்டில் பார்த்த பத்தாவது மாடிக்காரரை எம்ஆர்டி ரயில் நிலையம் வரை சென்ட் பண்ணினார். அந்த ஆள் தபால் பெட்டியைத் திறக்கத்தான் இறங்கினாராம்.

ஆகஸ்ட் 16, சனி

ஸ்ரீராம் முதல் தடவையாக வீட்டுக்குச் சாப்பிட வந்தான். எங்கள் மகள் தாரணி கட்டிக்கொள்ளப் போகிற பையன். உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். நல்ல பையன்தான். ரசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினான், எனக்கு அப்போதே பிடித்துவிட்டது. கிளம்பும் நேரம் வரும்வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

நம்ம ஆள் சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க தம்பி, ஐ சென்ட் யூ" என்றார்.

அவன் சிரித்தான். "அங்கிள், சென்ட் பண்ண நான் என்ன பார்சலா? பார்சல், லெட்டர், இதைத்தான் சென்ட் பண்ணுவாங்க. நாம இங்கேயே உட்கார்ந்திருப்போம், அது மட்டும் போகும். ஆளைக் கொண்டு போய் விட்டா 'டிராப்'னு சொல்லணும். என் ஸ்டூடண்ட்ஸ் எல்லாரும் இதே தப்பைத்தான் பண்றாங்க."

கெட்ட எண்ணம் இல்லை, வாத்தியார் புத்தி. ஆளை டிராப் பண்ணினால் விழுந்து அடிபடாதா என்று கேட்க எனக்கு நாக்கு துறுதுறுத்தது. தாரணி முறைத்தாள். அடக்கிக்கொண்டேன்.

இவர் சாவியைத் திரும்ப ஆணியில் மாட்டினார். "எம்ஆர்டி பக்கம்தான் தம்பி. நடந்தே போயிடலாம்" என்றார்.

அவன் போன பிறகு கீழே இறங்கிப் போய், நேற்றுத் துடைத்த காரையே மறுபடி துடைத்தார். எனக்கு நெஞ்சு எரிந்தது. ரசத்தைத் திரும்பக் கேட்கலாம் என்று கூடத் தோன்றியது.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

சும்மா விடுவேனா? நூலகத்திலிருந்து ஆங்கிலச் சொற்களின் பிறப்பைச் சொல்கிற தடிமனான அகராதி ஒன்றை இரவல் எடுத்து, வேலைக்குக் கொண்டுபோனேன். நான் பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்காருகிறவள். வாரத்தில் மூன்று நாள். வீங்கின கன்னத்தோடு ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்க, நான் 'எஸ்' எழுத்தில் மூழ்கிக் கிடந்தேன். "என் நம்பர் எப்பம்மா?" என்று மூன்று தடவை கேட்டாராம்.

கண்டுபிடித்தது இது. சொல் பழைய ஆங்கிலத்தில் 'சென்டன்'. அதற்கும் முன்னால், ஜெர்மானிய மொழிகள் எல்லாம் பிரியாமல் ஒன்றாக இருந்த காலத்திலேயே இருந்திருக்கிறது. பொருள்: போகச் செய்வது. போவது என்ற ஒரு பழைய வினை இருந்ததாம், அதிலிருந்து 'போக வைப்பது' பிறந்தது. நம்மிடம் 'செல்' என்பதிலிருந்து 'செலுத்து' வருகிறதே, அந்த மாதிரி.

படித்துவிட்டுக் கொஞ்சம் சோர்ந்துபோனேன். போகச் செய்வது என்றால் போவது மற்றவன்தான், அனுப்புகிறவன் இல்லை. பையன் சொன்னதுதான் சரி போலிருக்கிறது. எரிச்சலாக வந்தது.

இன்னும் கொஞ்சம் மேய்ந்தேன். 'சென்ட் அப்' என்றால் ஒருத்தரைப் போலச் செய்து கிண்டல் பண்ணுவது. 'சென்ட் ஆஃப்' இன்னும் வேடிக்கை. காற்பந்தில் சிவப்பு அட்டை காட்டி ஆளை விரட்டுவதும் அதுதான். சாங்கியில் குடும்பமே திரண்டு போய் அழுது, படம் பிடித்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று கையாட்டுவதும் அதுதான். இப்படிப்பட்ட மொழியை வைத்துக்கொண்டா என் புருஷனுக்குத் தப்பு கண்டுபிடிப்பது?

ஆகஸ்ட் 22, வெள்ளி

பக்கத்து வீட்டு மிசஸ் லோவிடம் பேச்சுவாக்கில் கேட்டேன். அவர்கள் சீனத்தில் 'சோங்' என்று ஒரு சொல் உண்டாம். பரிசு கொடுப்பதும் அதுதான், விருந்தாளியோடு கூடவே போய் வழியனுப்புவதும் அதுதான். "அதான் நாங்க சென்ட்னு சொல்றோம் லா, அதுல என்ன தப்பு?" என்று கோபப்பட்டார், ஏதோ நான்தான் குற்றம் சொன்ன மாதிரி.

மலாயில் 'ஹந்தார்' இருக்கிறது. பொருளை அனுப்புவதும் அதுவே, ஆளைக் கூட்டிக்கொண்டு போய் விடுவதும் அதுவே. தமிழில் 'கொண்டுபோய் விடுறேன்' என்கிறோம். மூன்று வீட்டுக்காரர்களும் சேர்ந்து, ஒன்றும் தெரியாமல் வந்து நின்ற ஆங்கில வினைச்சொல்லின் தலையில் இந்த மூட்டையை ஏற்றியிருக்கிறோம் என்று நினைக்கிறேன். அதுவும் சுமந்துகொண்டுதான் திரிகிறது.

இதைச் சாப்பாட்டு மேசையில் நம்ம ஆளிடம் சொன்னேன். "ம்" என்றார்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

அன்றைக்கு ஸ்ரீராம் சிரித்ததிலிருந்து இவர் யாரையும் சென்ட் பண்ணவில்லை. கோயிலில் பிடோக் மாமி எங்கள் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். இவர் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்!

நான் விடவில்லை. மீன் வாங்க வேண்டும் என்று பொய் சொல்லி, பக்கத்திலிருக்கிற தேக்காவுக்குப் போகாமல் தூரத்துத் தெம்பனிஸ் சந்தைக்கு ஓட்ட வைத்தேன். வண்டி விரைவுச் சாலையில் ஏறியதும் பேச்சு வந்தது.

"முப்பது வருஷத்துக்கு மேல சரக்கு அனுப்பினேன். ஸ்டிக்கர் ஒட்டி, எடை போட்டு, விமானத்துல ஏத்திட்டா நம்ம வேலை முடிஞ்சது. அது போய்ச் சேர்ந்துச்சா, உடைஞ்சுச்சா, யார் பார்த்தா? மனுஷனை அப்படி விட முடியுமா? வாசல் வரைக்கும் போகணும். அந்தப் பையன் என்னடான்னா, பார்சலாங்கிறான்."

"விடுங்க, சின்னப் பையன்."

முன்னால் போன லாரியை முந்தினார். பிறகு, "நவம்பர் இருபத்தெட்டோட வண்டிக்குப் பத்து வருஷம் முடியுது" என்றார்.

மறந்தே போயிருந்தேன். இந்த ஊரில் காருக்கு ஆயுள் பத்து வருஷம். கார் வைத்துக்கொள்ள அரசாங்கம் தருகிற உரிமைச் சான்றிதழைப் புதுப்பித்தால் இன்னும் ஓட்டலாம், ஆனால் அந்த விலைக்கு தாரணி கல்யாணத்தையே நடத்திவிடலாம்.

"புதுப்பிக்கலையா?"

"எதுக்கு? வேலைக்கா போறேன்? யாரை சென்ட் பண்ணப் போறேன்?"

நியாயமான பேச்சுதான். ஓய்வு பெற்றவருக்குக் கார் எதற்கு? ஃபேரர் பார்க்கில் இறங்கினால் எம்ஆர்டி, ஏறினால் பஸ். எல்லாம் சரி. ஆனால் என் கவலை வேறு. கார் போனால் இவர் என்னோடு எங்கே பேசுவார்? வீட்டில் இந்த மனிதரோடு இனிமேல் வெறும் "ம்" மட்டும்தானா? இதை யாரிடம் போய்ச் சொல்வது. கார் வேண்டும், புருஷன் பேசணும் என்று சொன்னால் சிரிக்க மாட்டார்களா?

மீன் நன்றாக இல்லை. வாங்கிக்கொண்டு வந்தோம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஸ்ரீராமின் அப்பாவும் அம்மாவும் சம்பந்தம் பேச வந்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. ஜனவரி கடைசியில் கல்யாணம்.

சம்பந்தி அழகப்பன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்படி ஒரு மரியாதைக்கார மனிதரை நான் பார்த்ததில்லை. 'வேண்டாம்' என்று அழுத்திச் சொல்ல வராது அவருக்கு. பாயசம் ஊற்றினால் "போதுமே" என்று முனகுவார், ஊற்றியதைக் குடித்துவிடுவார். சோதித்துப் பார்க்கவே மறுபடி மறுபடி ஊற்றினேன். அவர் மனைவி என்னைப் பார்த்த பார்வையில் "உங்களுக்குமா தெரிஞ்சுபோச்சு?" என்று இருந்தது.

கிளம்பும்போது அதிசயம் நடந்தது. சம்பந்தியின் மரியாதையில் நம்ம ஆளுக்குப் பழைய உற்சாகம் வந்துவிட்டது. ஆணியிலிருந்து சாவி இறங்கியது. "சம்பந்தி, நான் சென்ட் பண்றேன், வாங்க."

"ஐயோ, உங்களுக்கு எதுக்குச் சிரமம்..."

"என்ன சிரமம்? இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

"இல்லை, நாங்க வந்து..."

"பேசக் கூடாது. ஏறுங்க."

அவர் வாயைத் திறந்தார், மூடினார். மனைவி அவர் முழங்கையைக் கிள்ளுவதைப் பார்த்தேன். கீழே போய் இருவரும் ஏறிக்கொண்டார்கள். புக்கிட் பாஞ்சாங் வரை கொண்டுபோய் வாசலில் விட்டுவிட்டு, இவர் சீட்டியடித்துக்கொண்டு வீடு திரும்பினார். எனக்கும் நிம்மதி.

செப்டம்பர் 15, திங்கள்

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது. வரிசையாக எழுத முயற்சி பண்ணுகிறேன்.

காலையில் காரைத் துடைக்கப் போன மனிதர் இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். "சம்பந்தி கார் பார்க்ல நின்னார். வாக்கிங் வந்தாராம். சென்ட் பண்ணிட்டு வர்றேன்" என்றார்.

"புக்கிட் பாஞ்சாங்கிலிருந்து ஃபேரர் பார்க்குக்கா வாக்கிங்?"

"இங்கே காத்து நல்லாயிருக்குன்னார்."

மதியம் தாரணி போனில் ஸ்ரீராமோடு பேசியவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை. விஷயம் இதுதான். நேற்று அழகப்பனும் மனைவியும் தங்கள் சொந்தக் காரில் வந்திருக்கிறார்கள்! எங்கள் கார் பார்க்கில், நம்ம ஆளின் வண்டிக்கு நாலு வண்டி தள்ளி, நீல நிறக் கார். இவர் போட்ட போடில் "நாங்க காரிலதான் வந்தோம்" என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. இன்றைக்குக் காலையில் காரை எடுக்க எம்ஆர்டியில் வந்தவர், இவரைப் பார்த்ததும் வெட்கப்பட்டு வாக்கிங் என்று உளறிவிட்டார். உளறியதால் மறுபடி ஏறி மறுபடி புக்கிட் பாஞ்சாங் போக வேண்டியதாயிற்று. கார் இன்னும் இங்கேயே இருக்கிறது.

சாயங்காலம் ஸ்ரீராம் திருடன் மாதிரி அதை எடுக்க வந்தான். குப்பை போடுகிற சாக்கில் நானும் இறங்கிப்போனேன்.

"ஆன்ட்டி, ப்ளீஸ், அங்கிளுக்குத் தெரிய வேண்டாம். அப்பாவுக்கு மானமே போயிடும்."

"எங்க வீட்டு ஆளுக்கும்தான்டா போகும்" என்றேன். பிறகு, கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவேனா, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு அவனுக்கு ஒரு வகுப்பு எடுத்தேன். ஏனென்றால் அந்த அகராதியை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. போன வாரம் அதில் இன்னொரு பக்கம் கண்ணில் பட்டது. 'சென்ட்' பிறந்த அதே வேரிலிருந்து பழைய ஆங்கிலத்தில் இன்னொரு சொல்லும் பிறந்திருக்கிறது: 'ஸீத்'. பயணம் என்று பொருள். அதில் முன்னால் ஒரு அசையைச் சேர்த்தால் 'யெஸீத்'. பொருள் என்ன தெரியுமா? கூடப் பயணம் போகிறவன். வழித்துணை. அந்தச் சொல் செத்து எத்தனையோ நூற்றாண்டு ஆகிவிட்டது. அனுப்புகிறவனும் கூடப் போகிறவனும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள்.

"உங்க அங்கிள் ஒண்ணும் தப்பாப் பேசலை. உங்க ஆளுங்க தொலைச்சதை அவர் எடுத்து வச்சிருக்கார்" என்றேன். இங்கிலாந்துக்காரர்கள் எப்போது இவன் ஆளுங்க ஆனார்கள் என்று தெரியவில்லை. கோபத்தில் வந்துவிட்டது.

ஸ்ரீராம் சிரிக்கவில்லை. "அன்னைக்கு நான் சொன்னது அங்கிளுக்குக் கஷ்டமாயிடுச்சா?" என்றான்.

"கேட்கிறதே இப்பத்தானா?"

"அந்தப் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்து அனுப்புறீங்களா ஆன்ட்டி?"

"அனுப்ப மாட்டேன். வந்து பார்" என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்குப் பைகளோடு காரில் ஊரெல்லாம் சுற்றினோம். எல்லாரையும் ஏற்றினார், இறக்கினார். வண்டிக்கு இதுதான் கடைசித் தீபாவளி என்று இருவருமே வாய் திறக்கவில்லை.

நவம்பர் 28, வெள்ளி

கார் போய்விட்டது.

காலையில் ஒப்படைக்கிற இடத்துக்கு நானும் கூடப் போனேன். கடைசி ஓட்டம், ஏதாவது பேசுவார் என்று நினைத்தேன். குதிரைக் கதையின் மிச்சத்தையாவது கேட்டுவிடலாம் என்று, "அந்தக் குதிரை ஏறிச்சா இல்லையா?" என்றேன்.

"ம்" என்றார். காரிலேயே "ம்"! அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

முன்சீட்டின் கீழே என்னுடைய பழைய குடை ஒன்று கிடந்தது. எடுத்துக்கொண்டேன். எம்ஆர்டியில் நின்றுகொண்டே வந்தோம். ஆளுக்கு ஒரு பக்கம்தான் நிற்க இடம் கிடைத்தது.

டிசம்பர் 2, செவ்வாய்

சாவி இல்லாத ஆணியை இன்றைக்கும் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார். தாங்க முடியவில்லை.

டிசம்பர் 5, வெள்ளி

நான் செய்த காரியத்தை யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன். சாப்பாட்டு நாற்காலிகள் இரண்டை எடுத்து, ஜன்னலைப் பார்த்து அடுத்தடுத்துப் போட்டேன். வலப்பக்கம் அவருக்கு, இடப்பக்கம் எனக்கு. காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஜன்னலுக்கு வெளியே சாலை, சிக்னல், எல்லாம் இருக்கிறது.

வந்தார். பார்த்தார். "யார் வர்றாங்க?" என்றார்.

"யாரும் இல்லை. சும்மா உட்காருங்க."

சோபாவில் போய் உட்கார்ந்தார். நான் தனியாகச் சிக்னல் மாறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாரணி வந்து, "அம்மா, ஆர் யூ ஓகே?" என்றாள். ஒண்ணுமில்லை போ என்றேன். அழுகை வந்தது. பைத்தியக்காரி.

டிசம்பர் 14, ஞாயிறு

கல்யாணப் பேச்சுக்காக ஸ்ரீராமும் அவன் பெற்றோரும் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அழகப்பன் உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக, யாரும் கேட்காமலேயே, "நாங்க பஸ்லதான் வந்தோம்" என்றார். நான் சமையலறைக்குள் ஓடிவிட்டேன்.

கிளம்புகிற நேரம். எல்லாரும் வாசலில். நம்ம ஆளின் கை ஆணி வரைக்கும் போய்த் திரும்பியது. எல்லாரும் பார்த்தோம், எல்லாரும் வேறு எங்கோ பார்த்தோம். அழகப்பன் செருப்பு வாரைக் கட்டினார், அவிழ்த்தார், கட்டினார்.

ஸ்ரீராம்தான் பேசினான். "அங்கிள், எங்களை சென்ட் பண்ணலையா?"

"கார் இல்லையே தம்பி."

"கார் யார் கேட்டா? அன்னைக்கு நான் தெரியாம உளறிட்டேன். சென்ட் பண்றதுன்னா கூட வர்றதுதானே? வாங்க அங்கிள், பஸ் ஸ்டாப் அங்கேதான் இருக்கு."

 இவர் உள்ளே போய், நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நீயும் கிளம்பு. திரும்பி நான் தனியா வரணுமே" என்றார் என்னிடம். நான் அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். தாரணி பிடுங்கிக்கொண்டாள்.

புக்கிட் பாஞ்சாங் வரை பஸ்ஸில் ஐந்து பேரும் போனோம். இவர் கடைசி வரை, அவர்கள் வீட்டு வாசல் வரை போய், கதவைத் திறந்து உள்ளே போகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார். அங்கே ஒரு புதுக் கூத்து. அழகப்பன் உள்ளேயிருந்து சாவியோடு ஓடி வந்தார். "சம்பந்தி, நீங்க பஸ்ல போறதா? நான் சென்ட் பண்றேன்."

"வேண்டாம்."

"என்ன வேண்டாம்? ஏறுங்க."

"வேண்டாம் சம்பந்தி" என்றார் இவர், சிரித்துக்கொண்டே. "வேண்டாம்னா வேண்டாம். இப்படித்தான் சொல்லணும்."

அழகப்பனின் முகம் சட்டென்று சிவந்தது. எனக்கு ஒரு மாதிரி பொறி தட்டியது. கேட்கவில்லை.

திரும்பி வரும் பஸ் இரட்டை மாடி. முழங்கால் வலிக்கும் என்று சொல்லச் சொல்ல மாடிக்கு ஏறினார். முன்னால் இருக்கிற இரண்டு சீட்டும் காலி. எதிரே பெரிய கண்ணாடி, கீழே புக்கிட் தீமா சாலை முழுக்க விரிந்து கிடந்தது. அவர் வலப்பக்கம் உட்கார்ந்தார், நான் இடப்பக்கம். நான் மூச்சுக்கூட விடவில்லை.

இரண்டாவது சிக்னலில், "அந்தக் குதிரை" என்றார்.

"ம்" என்றேன். இந்தத் தடவை நான்.

"ஏறவே இல்லை. குதிரைக்காரனை வரச் சொன்னோம். அவன் முன்னால நடந்தான், அது ஆட்டுக்குட்டி மாதிரி பின்னால போயிடுச்சு. கூண்டுல விட்டுக் கட்டினோம். அவனுக்கு டிக்கெட் இல்லை. அந்தப் பக்கக் கதவு வழியா அவனை இறக்கிட்டோம். அதுக்குத் தெரியாது. கூட வர்றான்னு நினைச்சுக்கிட்டு நின்னுச்சு." கொஞ்சம் நிறுத்தினார். "இந்தத் திட்டம் என்னோடது. எல்லாரும் தட்டிக்கொடுத்தாங்க. எனக்கு அன்னைக்குச் சோறு இறங்கலை."

 அவர் கைமேல் கை வைத்தேன். எடுக்கவில்லை. இந்த மனிதர் ஏன் ஜூரோங் வரை போகிறார் என்று இத்தனை வருஷம் கழித்துத் தெரிகிறது.

மணி அடித்து யாரோ இறங்கினார்கள். நான் பேச்சை மாற்றினேன். "சம்பந்திக்கு ஏன் முகம் சிவந்துச்சு?"

இவருக்குத் தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! "அந்தத் திங்கட்கிழமை கார் பார்க்ல நின்னாரே, கையில கார் சாவி. நீலக் காருக்கு அஞ்சடி தள்ளி நின்னுக்கிட்டு வாக்கிங்கிறார்."

"உங்களுக்குத் தெரியுமா!"

"பார்த்த உடனே தெரிஞ்சது. அந்தக் கார் பார்க்ல எந்த வண்டி யாருதுன்னு எனக்குத் தெரியாதா?"

"பிறகு எதுக்கு அந்த மனுஷனை மறுபடி ஏத்திக்கிட்டுப் போனீங்க?"

"முதல் நாள் போகும்போது வழியெல்லாம் பேசினார். சின்ன வயசுல தஞ்சோங் பகார்ல இருந்தது, அவங்க அப்பா துறைமுகத்துல வேலை பார்த்தது, எல்லாம். பின்சீட்ல அந்தம்மா ஆச்சரியமாப் பார்த்துச்சு, இவ்வளவு பேசுவீங்களான்னு. வீட்ல பேசவே மாட்டாராம். மறுநாள் மிச்சத்தையும் சொல்லட்டுமேன்னு ஏத்திக்கிட்டேன்."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தேன். அவரும்தான்.

ஜனவரி 9, வெள்ளி

வேலை முடிந்து வெளியே வந்தால் மருத்துவமனை வாசலில் நம்ம ஆள், என் பழைய குடையோடு நிற்கிறார். மழை இல்லை.

"என்ன இங்கே?"

"வீட்டுக்குத்தானே? வா, நான் சென்ட் பண்றேன்."

வீடு நடக்கிற தூரம். ரோட்டைக் கடந்து இரண்டு புளோக். நான் கூடவே நடந்தேன். இவர் கையைக் காட்டி ஒரு பஸ்ஸை நிறுத்தினார், மாடிக்கு ஏறினோம், முன்சீட்டு காலியாக இருந்தது. கல்யாணத்துக்கு யார் யாரை எப்படி மண்டபத்திலிருந்து சென்ட் பண்ணுவது என்று ஆரம்பித்தார். பிடோக் மாமியோடு அவரே பஸ்ஸில் போகிறாராம். அந்த ஜூரோங் தம்பதியிடம் இந்தத் தடவை முதலில் கேட்டுவிடுவாராம். நடுவில் ஸ்ரீராமைப் பற்றி, தாரணி குழந்தையாக இருந்ததைப் பற்றி, பிறகு எங்கெங்கோ போனது பேச்சு.

பஸ் எங்கள் வீட்டுக்கு எதிர்த் திசையில் சாங்கி பக்கம் போய்க்கொண்டிருப்பது எனக்கு ஏறும்போதே தெரியும். சொல்லவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார்.